பூட்டை மாற்றினார்கள், வாட்ச்மேனுக்குச் சொல்லவில்லை

போன செப்டம்பர் 24-ஆம் தேதி சாயந்திரம் ஐந்தரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. அசோக் நகர் 7-வது அவென்யூவில், முதல் மாடியில் இருக்கும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து. எட்டு கம்ப்யூட்டர்களும், மூலையில் இரவு பகலாக ஓடும் சர்வர் என்ற ஒரு பெரிய பெட்டியும் அங்கே உண்டு. நான்கு வருஷமாக எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பேசியது அந்த அலுவலகத்தையே தூக்கிச் சுமக்கும் அக்கா.

"தம்பி, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஃபைல் மேலேயே வேற பார்ட்டியோட ஃபைலை சேவ் பண்ணிட்டான் பையன். உங்க பேக்கப்புல நேத்து காப்பி இருக்கும்ல? எடுத்துக் குடுங்க. நாளைக்கு பார்ட்டி கையெழுத்துப் போட வர்றார்."

"பத்து நிமிஷத்துல வரேன்க்கா" என்று கிளம்பினேன். அசோக் தூணிலிருந்து நடந்தே போய்விடலாம். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அந்த வாரத்தில் ஆடிட்டர் அலுவலகங்களில் மின்விசிறி நின்றால்கூட யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த அறையில், அலமாரிக்கு மேல், நகல்கள் போய்ச் சேரும் சேமிப்புப் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்து தேதியைப் பார்த்தேன். கடைசி நகல் செப்டம்பர் 2. நேற்றையதும் இல்லை, போன வாரத்ததும் இல்லை. இருபத்திரண்டு நாளாக அந்த அலுவலகத்தில் ஒரு தாள்கூட நகல் ஆகவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "இல்லையா தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்கு பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விண்டோஸில் நாம் திறந்து மூடும் புரோகிராம்கள் ஒரு வகை. கணக்கு எழுதும் டாலியைத் திறக்கிறோம், வேலை முடிந்ததும் மூடுகிறோம். இன்னொரு வகை, நம் கண்ணில் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பவை. இவற்றுக்கு 'சர்வீஸ்' என்று பெயர். பிரின்டருக்கு வேலை அனுப்புவது ஒரு சர்வீஸ், வைரஸ் பார்ப்பது ஒன்று, கடிகாரத்தைச் சரிசெய்வது ஒன்று. பெட்டியை ஆன் செய்தவுடன், யாரும் உள்ளே நுழையாவிட்டாலும், இவை தாமாக எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். இரவு பதினொன்றுக்கு எல்லா ஃபைல்களையும் நகல் எடுக்கும் பேக்கப் மென்பொருளும் ஒரு சர்வீஸாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. மனிதர்கள் வீட்டுக்குப் போன பிறகு அதன் வேலை ஆரம்பம். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவு வாட்ச்மேன் மாதிரி.

அந்த வாட்ச்மேன் வரவில்லை என்பதை அடுத்த நாள் காலையில் எத்தனை வீட்டுக்காரர்கள் கவனிப்பார்கள்? திருடு போகும்வரை தெரியாது. பேக்கப்பும் அப்படியே. பிரின்டர் சர்வீஸ் நின்றால் பத்து நிமிஷத்தில் அலுவலகமே கத்தும். பேக்கப் சர்வீஸ் நின்றால் ஒரு சத்தமும் இருக்காது. கம்ப்யூட்டர் முன்னைவிடச் சற்று வேகமாகக்கூட ஓடும்.

விசைப்பலகையில் விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று அடித்தால் சர்வீஸ்களின் முழுப் பட்டியல் வரும். அதில் எங்கள் பேக்கப் சர்வீஸின் எதிரே, 'ரன்னிங்' என்று இருக்கவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. வலது கிளிக் செய்து 'ஸ்டார்ட்' கொடுத்தேன். ஒரு சின்னப் பெட்டி எழுந்தது: பிழை எண் 1069.

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சர்வீஸ் எழவில்லை என்றதும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடத் தோன்றும். பல வருஷங்களுக்கு முன் கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இதே போன்ற நிலைமை. எனக்கு முன்னால் வந்தவர் அவசரத்தில் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார். சர்வீஸ் உடனே எழுந்துவிட்டது. ஆனால் பழைய நகல்களைப் பூட்டி வைத்திருந்த சாவியும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் நீக்கும்போதே போய்விட்டன. டிஸ்க் நிறைய நகல் இருந்தும் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. நோயாளிகளின் இரண்டு வருஷப் படங்கள். அன்றிலிருந்து எண்ணைப் படிக்காமல், பதிவேட்டைப் படிக்காமல் எதையும் நான் நீக்குவதில்லை.

விண்டோஸ் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 'ஈவென்ட் வியூவர்' என்று தேடினால் திறக்கும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. எந்த சர்வீஸ் எத்தனை மணிக்கு எழுந்தது, எது விழுந்தது, ஏன் என்று நிமிஷக் கணக்கோடு அங்கே இருக்கும். சர்வீஸ்களை எழுப்பும் வேலை 'சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்' என்பதனுடையது. அது எழுதிய வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். முதன்முதலில் விழுந்தது செப்டம்பர் 3, மதியம் 2.17. எண் 7038, அதை ஒட்டியே 7000. 7038 சொல்வது இதுதான்: இந்த சர்வீஸ் இன்னாருடைய பெயரில் உள்ளே நுழையப் பார்த்தது, பாஸ்வேர்டு தவறு.

"அக்கா, செப்டம்பர் 3 மதியம் என்ன நடந்தது?"

அவர் யோசித்தார். பக்கத்து மேஜையில் இருந்த பெண்தான் சொன்னாள். "அன்னிக்கு ஷட்டவுன்ணா. காலையில ஒன்பதுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்ட் இல்ல. யுபிஎஸ் கத்திக் கத்தி நின்னுடுச்சு."

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை. கரண்ட் வந்ததும் பெட்டியை ஆன் செய்திருக்கிறார்கள். அப்போதுதான் சர்வீஸ் எழ முயன்று தோற்றிருக்கிறது. ஆனால் மின்தடை பாஸ்வேர்டைத் தவறாக்காது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, 'நெட் யூசர்' என்ற கட்டளையோடு அக்காவின் பயனர் பெயரைச் சேர்த்துக் கேட்டேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று விண்டோஸ் தேதி, நேரத்தோடு சொல்லும். ஆகஸ்ட் 20.

"ஆமா தம்பி, நான்தான் மாத்தினேன். ட்ரெயினிங்குக்கு வந்த அந்த ஆர்ட்டிகிள் பையன் வேலையை விட்டுப் போனான்ல? அவனுக்கு என் பாஸ்வேர்டு தெரியும். அதான்."

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. தவறு என்னுடையது. நான்கு வருஷத்துக்கு முன் இதை அமைத்தபோது, சேமிப்புப் பெட்டிக்குள் நுழைய ஒரு பெயரும் பாஸ்வேர்டும் தேவைப்பட்டன. சர்வீஸ்கள் வழக்கமாக ஓடும் 'லோக்கல் சிஸ்டம்' என்ற கணக்குக்குப் பெட்டிக்கு வெளியே காட்ட அப்படி ஒரு பெயர் கிடையாது. அவசரத்துக்கு அக்காவின் பெயரையே கொடுத்துவிட்டேன். அவர் பாஸ்வேர்டை மாற்றியபோது விண்டோஸ் அந்த சர்வீஸுக்கு அதைச் சொல்லவில்லை. அது தானாகச் சொல்லாது. நான்தான் அக்காவிடம் முதலிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஆகஸ்ட் 20-இலேயே ஏன் நிற்கவில்லை? இடையில் இரண்டு வாரம் ஒழுங்காக நகல் எடுத்திருக்கிறதே? பலரைக் குழப்புவது இந்த இடைவெளிதான். வாட்ச்மேன் கேட்டுக்குள்ளே இருக்கும்போது பூட்டை மாற்றினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளேயே சுற்றி வருவார், மாடியில் விளக்கை அணைப்பார். டீ குடிக்க வெளியே போய்த் திரும்பி வந்து சாவியைப் போடும்போதுதான் திறக்காது. சர்வீஸும் எழும்போது மட்டுமே பாஸ்வேர்டைக் காட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை பழைய அனுமதியிலேயே ஓடும். செப்டம்பர் 3-இல் கரண்ட் போனது, அது வெளியே வந்துவிட்டது. காரணம் ஆகஸ்டில், விளைவு செப்டம்பரில். நடுவில் வந்த மின்தடை மேல் பழி போகும். 'கரண்ட் போனதுல கெட்டுப்போச்சு' என்று யாராவது சொன்னால், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் என்ன மாறியது என்று நான் கேட்பது இதனால்தான்.

சரிசெய்தது சுலபம். பேக்கப்புக்கு மட்டும் என்று தனியாக ஒரு கணக்கு. காலாவதியாகாத, நீளமான ஒரு பாஸ்வேர்டு. அதே பெயரும் பாஸ்வேர்டும் சேமிப்புப் பெட்டியிலும். சர்வீஸின் 'பிராப்பர்டீஸ்' திறந்து, 'லாக் ஆன்' பக்கத்தில் புதுக் கணக்கைக் கொடுத்தேன். ஸ்டார்ட் அழுத்தியதும் 'ரன்னிங்' வந்தது. அக்கா கையைக் கூப்பினார்.

நான் இன்னும் கிளம்பவில்லை. ஓடும் பெட்டியில் சர்வீஸ் எழுவது ஒன்று, பெட்டியோடு சேர்ந்து எழுவது வேறு. எல்லாரையும் வேலையைச் சேமிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தேன். திரும்பி வந்து பார்த்தால், மறுபடியும் அந்தக் கட்டம் காலி.

இந்த முறை பதிவேட்டில் எண் வேறு. 7009. சர்வீஸ் பதில் சொல்வதற்காக 30,000 மில்லி விநாடி காத்திருந்தேன், வரவில்லை என்று எழுதியிருந்தது. அதாவது 30 விநாடி. ஒவ்வொரு சர்வீஸுக்கும் விண்டோஸ் கொடுக்கும் வழக்கமான அவகாசம் அவ்வளவுதான். இதையே கையால் எழுப்பும்போது பார்த்திருந்தால் 1053 என்று சொல்லியிருக்கும். அந்தப் பெட்டியில் இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் செய்த முதல் இரண்டு நிமிஷம் ஆன்டிவைரஸ், டாலியின் உரிமச் சேவை, விண்டோஸ் அப்டேட் எல்லாம் ஒரே நேரத்தில் அதைப் பிடித்து இழுக்கும். காலை எட்டரை மணிக்கு தி. நகர் பஸ்ஸின் படிக்கட்டு மாதிரி. நான்கு வருஷத்தில் பெருத்துப்போன அட்டவணையோடு எங்கள் சர்வீஸ் கடைசியில் நின்று ஏறப் பார்க்கிறது, அதற்குள் 30 விநாடி முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 'ஸ்டார்ட்டப் டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோமேடிக்' என்பதை 'ஆட்டோமேடிக், டிலேய்டு ஸ்டார்ட்' என்று மாற்றினால், மற்ற சர்வீஸ்கள் எழுந்து சுமார் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் இதை எழுப்பும். கூட்டம் குறைந்த பிறகு ஏறுவது போல. மாற்றிவிட்டு இரண்டாவது தடவை ரீஸ்டார்ட் செய்தேன். மூன்று நிமிஷம் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுந்தது. டிஸ்க்கை மாற்றி, சுழலாத எஸ்எஸ்டி போடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்று சொல்லிவைத்தேன்.

அதே பிராப்பர்டீஸில் 'ரெக்கவரி' என்று ஒரு பக்கம் உண்டு. விழுந்தால் மறுபடி எழுப்பு என்று அதில் சொல்லிவைக்கலாம். எல்லாருக்கும் அதைச் செய்துகொடுக்கிறேன். ஆனால் ஓடும்போது தடுக்கி விழுந்த சர்வீஸுக்குத்தான் அது உதவும். 1069 போல வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதற்கு அது ஒன்றும் செய்யாது.

வேறு வீடுகளில், வேறு கடைகளில் வேறு எண்கள் வந்திருக்கின்றன. 1068 என்றால், இந்த சர்வீஸ் சார்ந்திருக்கும் இன்னொன்று எழவில்லை. 'டிபென்டன்சீஸ்' பக்கத்தில் அதன் பெயர் இருக்கும், அதை எழுப்பினால் இதுவும் வரும். எண் 5 என்றால், ஏதோ ஒரு ஃபோல்டரைத் தொட அனுமதி இல்லை. சில சமயம் சர்வீஸ் எழுந்து உடனே தானாக நின்றுவிடும். வெளியே செருகும் டிஸ்க்கில் நகல் எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். யாரோ ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள், 'ஈ' என்ற எழுத்தை அது பிடித்துக்கொள்ளும், பேக்கப் டிஸ்க் 'எஃப்' ஆகிவிடும், சர்வீஸ் 'ஈ'-யில் தன் டிஸ்க்கைத் தேடித் திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் பயத்தோடு சொல்கிறேன். யாரும் தொடாமல் பேக்கப் சர்வீஸ் 'டிசேபிள்டு' என்று மாறியிருந்தால் உடனே அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, பேக்கப்பை நிறுத்துவது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற அப்படிப்பட்ட நிரல், விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் நிழல் நகல்களை அழித்தது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை அப்படித் தாக்கப்பட்டபோது, சுமார் இரண்டு வாரம் பதிவெல்லாம் கையால் எழுதினார்கள். தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் விவரங்களை மீட்டார்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

அசோக் நகர் அலுவலகத்தில் அன்றைக்கு ஆடிட்டர் சார் உள்ளேயிருந்து வெளியே வந்தார். எழுபது வயது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னப்பா, நின்னுபோச்சுன்னு அது மெயில் அனுப்பாதா?"

"மெயில் அனுப்புறதே அந்த சர்வீஸ்தான் சார்."

தினமும் இரவு 'நகல் முடிந்தது' என்று அக்காவுக்கு ஒரு மெயில் வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 3-இலிருந்து வரவில்லை. வந்த மெயிலைக் கவனிப்பது எளிது, வராத மெயிலைக் கவனிக்க யாராலும் முடியாது. அதுவும் செப்டம்பரில். பெரிய நிறுவனங்களிலும் இதுதான் கதை. கிட்லேப் என்பது உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் இடம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜிபி இருந்த இடத்தில், நிறுத்தியபோது மிஞ்சியது நாலரை ஜிபி. நகலைத் தேடினால், தினசரி நகல் காலியாக இருந்தது. நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் போய்ச் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த நகல் ஒன்று காப்பாற்றியது. இதை அந்த நிறுவனமே ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

ஆடிட்டர் சாருக்கு இன்னொரு கவலை. கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், அவற்றின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்துவைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன் 'அவ்வப்போது' என்று இருந்தது. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். "பார்ட்டிகளுக்கெல்லாம் நான் இதைச் சொல்லிக்கிட்டிருக்கேன். என் ஆபீஸ்லயே இருபத்திரண்டு நாள் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஆனால் நகல் தினமும் ஓடினால் மட்டும் போதாது. என் தொழிலில் நான் மறக்கமுடியாத தேதி 2015 டிசம்பர் 1. அன்றைக்குத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள் ஏறியது, அசோக் நகர் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். காசி தியேட்டர் பக்கம் தரைத்தளத்தில் ஒரு சின்ன அச்சகத்துக்கு நான் பேக்கப் வைத்துக்கொடுத்திருந்தேன். தினமும் தவறாமல் ஓடியது. ஆனால் நகல் போய்ச் சேர்ந்த டிஸ்க், கம்ப்யூட்டர் இருந்த அதே மேஜையின் கீழ் தட்டில். தண்ணீர் வடிந்த பிறகு போனபோது இரண்டும் சேற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பதினொரு வருஷக் கல்யாணப் பத்திரிகை வடிவங்கள். அந்த அண்ணன் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை.

அந்த டிசம்பர் நடுவில், வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. பட்டா, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் என்று ஜனங்கள் வரிசையில் நின்று நகல் வாங்கினார்கள். நானும் என் அப்பாவுக்காக நின்றேன். மூலப்பதிவு வேறு இடத்தில், வேறு அலமாரியில் இருந்ததால்தானே அவர்களால் கொடுக்க முடிந்தது என்று அந்த வரிசையில் நின்றபோது தோன்றியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் அதைப் பரப்பினார். எனக்கு அது புரிந்தது அந்த வரிசையில்தான்.

ஆடிட்டர் அலுவலகத்தில் அன்று இரவு செப்டம்பர் 2-ஆம் தேதி நகலை எடுத்துக்கொடுத்தேன். மீதியை அக்காவும் அந்தப் பெண்ணும் பில்களிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். இரண்டு இரவு ஆனது. பார்ட்டி ஒருநாள் தள்ளி வந்து கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே வேலை இப்படி நடக்கிறது. காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் அந்தப் பெண், புதுத் தாளின் மூலையில் கடைசி நகலின் தேதியைப் பார்த்து எழுதுகிறாள். நேற்றைய தேதி இல்லையென்றால் எனக்குப் போன். யாருடைய பாஸ்வேர்டை மாற்றினாலும், பெட்டியில் எதைப் புதிதாகப் போட்டாலும், அதையும் அதே தாளில் குறிக்கிறாள். அக்டோபரில் மறுபடி ஷட்டவுன் வந்தது. கரண்ட் வந்த கால் மணி நேரத்தில் பேசினாள்.

"அண்ணா, ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பார்த்தேன். ரன்னிங்னு இருக்கு."

சனிக்கிழமை மூன்றாவது பிரதி ஒரு சின்ன டிஸ்க்கில் இறங்கி, ஆடிட்டர் சாரின் சாப்பாட்டுப் பைக்குள் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகிறது. போவதற்கு முன் அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை. போன சனிக்கிழமை அக்காவே தேர்ந்தெடுத்தார். ஸ்டாக் ஸ்டேட்மென்ட். நான்கு நிமிஷத்தில் வந்தது. கடைசி வரியின் கூட்டுத்தொகையை விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, டிஸ்க்கை உறையில் போட்டுக் கொடுத்தார்.